டைரி எழுதினால் பதற்றம் குறையுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே டைரி என்று சொல்வது, இன்றைக்கு நடந்ததை ராத்திரி உட்கார்ந்து எழுதும் நாட்குறிப்பு இல்லை. இனி நடக்க வேண்டியதை முன்கூட்டியே எழுதி வைக்கும் நோட்டு. கடையில் பிளானர் என்று விற்பதும் இதுதான், ஜவுளிக்கடையில் புத்தாண்டுக்கு இலவசமாகக் கொடுப்பதும் இதுதான். வேலை, வீடு, பிள்ளைகள் படிப்பு, பெரியவர்கள் வைத்தியம் என்று நாலு பக்கமும் இழுபடுகிறவர்கள் கேட்கும் கேள்விகள் கீழே.

பதற்றம் மனசில் இருக்கிறது. நோட்டில் எழுதினால் அது எப்படிக் குறையும்?

எல்லாப் பதற்றமும் குறையாது. "எதையோ மறந்துவிட்டோமே" என்கிற வகை குறையும். குக்கர் விசில் அடிக்கும்போது ஸ்கூல் ஃபீஸ் ஞாபகம் வரும். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும்போது இன்சூரன்ஸ் ஞாபகம் வரும். அந்த நேரத்தில் ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்தும் மனசு அதையே சொல்லிக்கொண்டிருக்கும்.

பாதியில் நிற்கிற வேலை, முடித்த வேலையைவிட நன்றாக ஞாபகத்தில் ஒட்டிக்கொள்கிறது என்று 1927-இல் பெர்லினில் ப்ளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் எழுதினார். பிற்பாடு அதே சோதனையைச் செய்து பார்த்த எல்லோருக்கும் அதே விடை கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நமக்கு அதைவிட உபயோகமானது 2011-இல் மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டது. முடிக்காத வேலை ஒன்றை ஞாபகப்படுத்திவிட்டு, ஒரு கதையைப் படிக்கக் கொடுத்தால் கவனம் ஓடிவிடுகிறது. அந்த வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டம் போட்டவர்களுக்கு மட்டும் அந்தத் தொல்லை இல்லை. இத்தனைக்கும் அவர்கள் வேலையை முடிக்கவில்லை, தொடக்கூட இல்லை. என்றைக்கு, எப்படி என்று முடிவு செய்தார்கள், அவ்வளவுதான்.

அதனால் "அப்பா பென்ஷன்" என்று எழுதினால், கவலைக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்த மாதிரிதான். "வியாழன் காலை 11, அப்பாவைக் கூட்டிக்கொண்டு பேங்க், லைஃப் சர்டிபிகேட்" என்று வியாழக்கிழமைப் பக்கத்தில் எழுதினால் மனசு அந்தப் பேச்சை விட்டுவிடும். இந்தப் பக்கம் முழுக்கச் சொல்லப்போவது ஏறக்குறைய இந்த ஒரு விஷயத்தைத்தான்.

ஃபோனிலேயே காலண்டர், ரிமைண்டர் எல்லாம் இருக்கிறதே?

இருக்கட்டும். மணி அடிக்க வேண்டியதெல்லாம் ஃபோனில்தான் இருக்க வேண்டும்: மாத்திரை நேரம், மீட்டிங், பிள்ளையை டியூஷனிலிருந்து அழைத்து வருவது. நோட்டுக்கு மணி அடிக்கத் தெரியாது.

ஆனால் அடுத்த வாரத்தைப் பற்றி யோசிக்க ஃபோனை எடுத்தால், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா அனுப்பிய குட்மார்னிங்கில் ஆரம்பித்து எங்கேயோ போய் நிற்போம். எதற்கு எடுத்தோம் என்பதே மறந்துவிடும். ஏற்கெனவே பதற்றத்தில் இருக்கிறவருக்கு அது எண்ணெய் வார்க்கிற வேலை. இன்னொன்று, விரித்து வைத்த டைரியில் ஏழு நாளும் ஒரே பார்வையில் தெரியும். புதன் காலி, வெள்ளி நிரம்பி வழிகிறது என்று கண்ணே சொல்லிவிடும். சாப்பாட்டு மேஜையில் கிடந்தால் வீட்டில் மற்றவர்களும் பார்த்துக்கொள்ளலாம்.

எந்த டைரி வாங்குவது?

முதல் வருஷம் காசு கொடுத்து வாங்காதீர்கள். யாராவது கொடுத்த டைரி ஒன்று வீட்டில் நிச்சயம் கிடக்கும். இல்லையென்றால் சாதாரண ரூல்டு நோட்டில் தேதி போட்டுக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த தோல் அட்டை டைரியில் முதல் எழுத்தை எழுதவே கை நடுங்கும். கையெழுத்து கோணலாகிவிட்டதே என்று அதற்கு ஒரு கவலை.

வீட்டோடு இருக்கிறவர்களுக்கும் ஆபீஸ் போய் வருகிறவர்களுக்கும் ஒரு வாரம் இரண்டு பக்கத்தில் வரும் டைரி போதும். ஒரு நாளில் பலரைப் பார்க்கிற வேலை என்றால், அதாவது ஏஜென்ட், சேல்ஸ், கான்ட்ராக்டர், நாளுக்கு ஒரு பக்கம் வேண்டும். கையில் எடுத்துக்கொண்டு போகிற அளவா என்று மட்டும் பாருங்கள். அலமாரியில் இருக்கிற பெரிய டைரியைவிடக் கைப்பையில் இருக்கிற சின்ன டைரி மேல்.

முதல் நாள் என்ன எழுத வேண்டும்?

கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். பிள்ளையார் சுழி போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளுங்கள். மண்டையில் ஓடுவதையெல்லாம் வரிசை பார்க்காமல் கொட்டுங்கள். கால் மணி நேரம் போதும். ஒரு வீட்டுப் பட்டியல் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: அம்மா கண் ஆபரேஷன், பைக் இன்சூரன்ஸ், மாடி டேங்க் கழுவணும், மாமா பெண் கல்யாணம், ஆதாரில் அட்ரஸ் மாற்றணும், மிக்ஸி ஜார், மேனேஜர் கேட்ட ரிப்போர்ட்.

இதை இப்படியே விட்டால் பார்க்கப் பார்க்க வயிற்றைக் கலக்கும். ஒவ்வொன்றாக எடுத்து ஒரு தேதிப் பக்கத்துக்கு அனுப்ப வேண்டும்.

பைக் இன்சூரன்ஸ் எளிது. பாலிசியை எடுத்துப் பார்த்தால் முடிகிற தேதி இருக்கும். 19-ஆம் தேதி முடிகிறது என்றால் 12-ஆம் தேதிப் பக்கத்தில் எழுதுங்கள். கல்யாணத் தேதியும் பத்திரிகையில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் மண்டபமும் முகூர்த்த நேரமும், அதற்கு முந்தின நாள் பக்கத்தில் "மொய்க் கவர், 501" என்றும் எழுதிவிட்டால் அன்றைக்குக் காலையில் ஒரு ரூபாய் நாணயம் தேடி வீட்டைக் கவிழ்க்க வேண்டாம். ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும் என்றால் புதன் மதியம் 3 முதல் 4 வரை அதற்கு. மிக்ஸி ஜார், எப்படியும் கடைவீதிக்குப் போகப்போகிற நாளில். டேங்க் நீங்கள் கழுவப் போவதில்லை, ஆளைக் கூப்பிடத்தான் போகிறீர்கள். அதனால் "வியாழன், டேங்க் கழுவுகிறவருக்கு ஃபோன்". ஆதார் அட்ரஸ் இந்த மாதம் மாற்றாவிட்டால் குடி முழுகிவிடுமா? இல்லையென்றால் அடுத்த மாதம் முதல் வாரத்தில் ஒரு நாளுக்குத் தள்ளுங்கள்.

அம்மா கண் ஆபரேஷன்தான் உண்மையில் கனமானது, ஏனென்றால் அது ஒரு வேலையே இல்லை, பத்து வேலை. ரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டும், பணம் அல்லது காப்பீட்டு அட்டை எடுத்து வைக்க வேண்டும், லீவு சொல்ல வேண்டும், கூட யார் இருப்பது என்று தங்கையிடம் பேச வேண்டும். முழுவதையும் எழுத வேண்டியதில்லை. அடுத்த அடி என்ன? "திங்கள் காலை 10, கண் மருத்துவமனைக்கு ஃபோன். என்னென்ன டெஸ்ட், எந்தக் கிழமை என்று கேட்க. பழைய சீட்டு நீல ஃபைலில்." அந்த ஃபோன் முடிந்ததும் அதற்கு அடுத்த அடியைப் புதிய தேதியில் எழுதுங்கள். நீல ஃபைல் என்று எழுதியது வெட்டிவேலை போலத் தோன்றும். திங்கள் காலை 10 மணிக்கு அதன் அருமை தெரியும்.

எழுதிய பிறகு பட்டியலைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. பதற்றம் கூடித்தான் போகிறது.

இந்தப் புகார்தான் அதிகம் வருகிறது, நியாயமான புகார். தேதி இல்லாத பட்டியல் பதற்றத்தைக் கூட்டத்தான் செய்யும். இருபது வேலை இருபது பேர் மாதிரி ஒரே நேரத்தில் கத்தும்.

கோர்ட்டில் வக்கீல் டைரியைப் பார்த்திருக்கிறீர்களா? நீதிபதி அடுத்த வாய்தா சொன்ன அந்த நிமிஷமே வக்கீலோ குமாஸ்தாவோ குறித்துக்கொள்வார். இன்றைய பக்கத்தில் வழக்கு எண்ணுக்கு நேராக அடுத்த தேதி. பிறகு அந்தத் தேதியின் பக்கத்துக்குப் போய் அங்கேயும் வழக்கு எண், எந்தக் கோர்ட், என்ன கட்டத்தில் இருக்கிறது. நூற்றுக்கணக்கான வழக்கு இருந்தாலும் இன்றைக்கு அவர் பார்க்க வேண்டியது இன்றைய பக்கத்தில் இருப்பதை மட்டும்தான். மற்றதெல்லாம் எங்கேயோ ஒரு தேதியில் பத்திரமாக இருக்கிறது. அடுத்த தேதி போடாத வழக்குதான் ஆபத்து.

வீட்டு டைரிக்கும் இதே வழக்கம் போதும். இன்றைக்கு முடியவில்லை என்றால் திட்டிக்கொள்ளாமல் வாய்தா போடுங்கள். ஆனால் தேதியோடு போடுங்கள்; "அப்புறம் பார்க்கலாம்" வாய்தா ஆகாது. ஒரே வேலைக்கு மூன்று வாய்தா ஆகிவிட்டதென்றால் நின்று யோசிக்க வேண்டும். பெரும்பாலும் மூன்றில் ஒரு காரணம் இருக்கும். வேலை பெரிதாக இருக்கிறது, உடைக்க வேண்டும். அல்லது அது உங்கள் வேலையே இல்லை, அண்ணன் செய்ய வேண்டியது உங்கள் தலையில் கிடக்கிறது. அல்லது அதில் பயப்படுகிற ஏதோ ஒன்று இருக்கிறது: கடன் கேட்டவருக்கு முடியாது என்று சொல்ல வேண்டும், ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்க வேண்டும். மூன்றாவது வகை என்றால் தனியாகப் போகாதீர்கள், யாரையாவது கூட்டிக்கொண்டு போகும் நாளாகப் பார்த்து எழுதுங்கள்.

இன்றைய பக்கத்தில் கட்டாயம் நடக்க வேண்டியது மூன்றுக்கு மேல் வேண்டாம். மற்றவை அடியில் "முடிந்தால்" என்று கோடு போட்டு அதற்குக் கீழே.

ஆரம்பிக்கத் தயங்குகிற வேலையை ஏற்கெனவே செய்கிற ஒன்றோடு முடிச்சுப் போட்டு எழுதிப் பாருங்கள்: "மதியம் சாப்பிட்டுத் தட்டைக் கழுவியதும் ஹவுஸ் ஓனருக்கு ஃபோன்." இப்படி "இது நடந்ததும் அது செய்வேன்" என்று எழுதினால் வேலை நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலிருந்து பல சோதனைகளில் காட்டியிருக்கிறார்.

படுத்தால் தூக்கம் வருவதில்லை. நாளைய வேலையே ஓடிக்கொண்டிருக்கிறது.

விளக்கை அணைப்பதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் நாளைய பக்கத்தை எழுதுங்கள். இது நேராகச் சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லினும் அவருடைய குழுவும் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வுக்கூடத்தில் படுக்க வைத்து, படுக்கும் முன் பாதிப் பேரை வரும் நாட்களில் செய்ய வேண்டியதையும் மீதிப் பேரைச் செய்து முடித்ததையும் ஐந்து நிமிஷம் எழுதச் சொன்னார்கள். 2018-இல் வெளிவந்த முடிவில், செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிஷம் முன்னதாகத் தூங்கிப்போனார்கள். அவர்களிலும் விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம் தூங்கினார்கள். 57 பேர், ஒரே ஒரு இரவு, எல்லோரும் ஆரோக்கியமானவர்கள். ஆகவே இதைத் தூக்க மாத்திரை அளவுக்கு நம்ப வேண்டாம். செலவில்லாத காரியம், செய்து பார்ப்பதில் நஷ்டமில்லை.

நாளைக்கு வேண்டியதை எழுதும்போதே வாசலில் எடுத்து வைத்துவிடுவது இன்னும் நல்லது. "பிள்ளை சயின்ஸ் ரெக்கார்ட்" என்று எழுதிவிட்டு எழுந்து போய் ரெக்கார்ட் நோட்டை ஸ்கூல் பையில் போட்டுவிட்டு வந்து படுத்தால் அந்த வரியை அப்போதே அடித்துவிடலாம்.

வேலை இல்லை, வெறும் கவலை. அதையும் டைரியில் எழுதலாமா?

எழுதலாம், ஆனால் தேதிப் பக்கத்தில் வேண்டாம், பின்பக்கத்தில் தனி இடம் ஒதுக்குங்கள். படுக்கையில் உட்கார்ந்தும் வேண்டாம்.

தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளரின் குழு 1983-இல் ஒரு முறையைச் சோதித்து வெளியிட்டது. தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அரை மணி நேரம் கவலைப்படுவதற்கென்றே உட்கார வேண்டும். மற்ற நேரத்தில் கவலை வந்தால் "சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவிட வேண்டும். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் கவலைப்படாதே என்று சொன்னால் கேட்காத மனசு, ஆறு மணிக்குக் கவலைப்படு என்றால் பல நேரம் கேட்கிறது.

டைரி இங்கே எப்படி உதவுமென்றால், பகலில் வந்த கவலையை இரண்டு வார்த்தையில் பின்பக்கத்தில் குறித்துவிடலாம். சாயங்காலம் காபிக்குப் பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றிடமும் கேளுங்கள்: இதில் நான் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா? "மகனுக்கு வேலை கிடைக்குமா" என்றால் கிடைப்பது உங்கள் கையில் இல்லை. அவனுடைய சர்டிபிகேட்டை லேமினேட் செய்யாமல் நகல் எடுத்து வைப்பது உங்கள் கையில் இருக்கிறது. அதற்கு ஒரு தேதி. மீதிக்குப் பக்கத்தில் ஒரு கோடு. அரை மணி முடிந்ததும் மூடிவிட்டு எழுந்துவிடுங்கள், பாதியில் நின்றாலும் சரி.

நேரம் போட்டு எழுதினாலும் எதுவும் அந்த நேரத்தில் முடிவதில்லையே?

யாருக்கும் முடிவதில்லை. கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-இலேயே இதைத் திட்டமிடும்போது மனிதர்கள் செய்கிற வழக்கமான பிழை என்று எழுதினார்கள். 1994-இல் கனடாவில் கல்லூரி மாணவர்களிடம் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன சராசரி சுமார் 34 நாள். எடுத்துக்கொண்டது சுமார் 56 நாள். எல்லாமே மோசமாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று தனியாகக் கேட்டதற்கும் 49 நாள்தான் சொன்னார்கள்! நம்முடைய அவநம்பிக்கைகூட நம்பிக்கையாகத்தான் இருக்கிறது.

அதனால் "எவ்வளவு நேரம் ஆகும்" என்று யோசிக்காமல் "போன தடவை எவ்வளவு நேரம் ஆனது" என்று யோசியுங்கள். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் போவதை "10 முதல் 10.30" என்று எழுதுகிறவர் ஒரு தடவையாவது "சர்வர் டவுன், மதியம் வாங்க" என்று கேட்டிருப்பார். அந்த மாதிரி வேலைக்கு ஒரு முற்பகல் முழுவதையும் கொடுங்கள், அன்றைக்கு வெளிவேலை வேறெதுவும் வைக்காதீர்கள். சீக்கிரம் முடிந்தால் லாபம்.

வாரத்தில் ஒரு சாயங்காலத்தையாவது எழுதாமல் வெறுமையாக விடுவதும் திட்டத்தில் சேர்த்தி. தப்பிப்போனது எல்லாம் அங்கே வந்து உட்காரும்.

வருஷத்துக்கு ஒரு தடவை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வருவதை எப்படி எழுதுவது?

பலர் கடைசித் தேதியை எழுதுகிறார்கள். கடைசித் தேதிப் பக்கம் கண்ணில் படுவது கடைசித் தேதி அன்றுதான்! வேலையை ஆரம்பிக்க வேண்டிய தேதியை எழுதுங்கள், கடைசித் தேதியை அதன் பக்கத்தில் சின்னதாக.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். ரயில் முன்பதிவு முன்பு 120 நாளுக்கு முன்னால் திறந்தது; 2024 நவம்பர் 1 முதல் 60 நாள் ஆகிவிட்டது. ஜனவரி 12 ராத்திரி சென்னையிலிருந்து கிளம்ப வேண்டும் என்றால் டிக்கெட் நவம்பர் 13 காலை 8 மணிக்குத் திறக்கும், தென்மாவட்ட ரயில்களில் சில நிமிஷத்தில் காலியாகிவிடும். டைரியில் எழுத வேண்டிய பக்கம் ஜனவரி 12 கிடையாது, நவம்பர் 12: "நாளைக் காலை 8 டிக்கெட். பாஸ்வேர்டு வேலை செய்கிறதா பார்க்க." திரும்பி வருகிற டிக்கெட்டுக்கும் அப்படியே கணக்குப் போட்டு இன்னொரு பக்கம்.

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. ரீடிங் எடுக்கும் தேதி ஏறக்குறைய ஒரே மாதிரி வரும் என்பதால் வருஷம் முழுவதற்கும் ஒரே மூச்சில் குறித்துவிடலாம். சொத்து வரி அரையாண்டுக்கு ஒன்று, ஏப்ரலிலும் அக்டோபரிலும் புது அரையாண்டு தொடங்குகிறது. சம்பளக்காரர்களுக்கு வருமான வரிக் கணக்கு வழக்கமாக ஜூலை 31. ஜூன் கடைசியில் "படிவம் 16 வாங்க" என்று எழுதுங்கள். எல்ஐசி பிரீமியம் காலாண்டு, அரையாண்டு, ஆண்டு முறையில் கட்டுகிறவர்களுக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு, மாதாமாதம் கட்டுகிறவர்களுக்கு 15 நாள். அது தெரிந்திருந்தால் ஒரு நாள் தவறியதற்கு நெஞ்சு அடித்துக்கொள்ளாது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால் பாஸ்போர்ட் முடிகிற தேதியைப் பாருங்கள்; பல நாடுகள் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்று கேட்கின்றன.

இதற்கெல்லாம் தைப் பொங்கல் விடுமுறையில் ஒரு மதியம் போதும்.

ராகு காலம், நல்ல நேரம் பார்த்து எழுதலாமா?

பார்க்கிற வழக்கம் இருந்தால் எழுதும்போதே பாருங்கள். தினசரி காலண்டரைக் கிழிக்கும்போதுதான் திங்கள் ஏழரை முதல் ஒன்பது ராகு காலம் என்று தெரிந்து, போட்டு வைத்த திட்டமெல்லாம் கலைவது வேண்டாத டென்ஷன். ஆனால் டாக்டரிடம் போவதை அஷ்டமி, நவமி என்று தள்ளாதீர்கள்.

கலர் பேனா, ஸ்டிக்கர், ஸ்டென்சில் எல்லாம் வேண்டுமா?

பிடித்திருந்தால் சரி. பக்கத்தை அலங்கரிக்க முக்கால் மணி நேரம் போனால் அது வேறு பொழுதுபோக்கு. கோலம் போடுவதைப் போல மனசுக்கு இதமாகவும் இருக்கலாம். வேலை நடப்பதற்கு ஒரு நீல பால்பாயின்ட் பேனா போதும். அதை டைரியோடு கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் யாராவது எடுத்துவிடுவார்கள்.

பத்துப் பதினைந்து நாள் எழுதுகிறேன், பிறகு விட்டுவிடுகிறேன்.

விட்ட நாட்களை நிரப்ப உட்காராதீர்கள். வெற்றுப் பக்கங்கள் அப்படியே கிடக்கட்டும், இன்றைய தேதியிலிருந்து எழுதுங்கள். வேலைக்குப் போகாமல் நின்ற பையன் மறுபடி போகக் கூச்சப்படுகிற மாதிரி, வெற்றுப் பக்கத்தைப் பார்த்துக் கூச்சப்பட்டே பலர் டைரியைத் தொடுவதில்லை.

பெரும்பாலும் நின்றுபோவது எழுதுவது அல்ல, பார்ப்பது. எழுதியதை மறுநாள் பார்க்கவில்லை என்றால் மனசுக்கு அந்த நோட்டின் மேல் நம்பிக்கை போய்விடும். எழுதியும் பயனில்லை என்று பழையபடி தானே சுமக்க ஆரம்பிக்கும். ஆகவே ஒரு நாள் ஒன்றுமே எழுதாவிட்டாலும் காலைக் காபி டம்ளரோடு இன்றைய பக்கத்தை ஒரு தடவை பாருங்கள். ஞாயிறு சாயங்காலம் வரும் வாரத்தை முழுவதுமாகப் பாருங்கள், வீட்டில் இன்னொருவர் இருந்தால் அவரையும் உட்கார வைத்து. "செவ்வாய்க்கிழமை நீங்க லேட்டா வருவீங்களா? அப்போ பாப்பாவை நான் கூட்டிட்டு வரேன்" என்கிற பேச்சு ஞாயிற்றுக்கிழமை நடந்தால் செவ்வாய்க்கிழமை சண்டை வராது.

பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கு இது உதவுமா?

உதவும், பிள்ளையே எழுதினால். அப்பா எக்செல்லில் போட்டு சுவரில் ஒட்டிய டைம் டேபிள், பதற்றத்தை அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு மாற்றுகிறது. மார்ச்சில் பொதுத்தேர்வு என்றால் அங்கிருந்து பின்னோக்கி வந்து ரிவிஷன் தேர்வுகளை முதலில் குறிக்கச் சொல்லுங்கள். மணிக்கணக்கில் எழுதுவதைவிட "இயற்பியல், இரண்டாம் பாடம், புத்தகத்தின் பின்னால் உள்ள கணக்குகள்" என்று எழுதுவது நல்லது. முடிந்ததா இல்லையா என்று தெளிவாகத் தெரியும்.

வீட்டில் யாராவது எடுத்துப் படித்துவிட்டால்?

படிப்பார்கள் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள். மாமியாரைப் பற்றியும் மேனேஜரைப் பற்றியும் எழுத வேண்டுமானால் தனி நோட்டு. ஏடிஎம் பின் எண்ணை எந்த நோட்டிலும் எழுத வேண்டாம்.

எப்போது டைரியை விட்டுவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்?

விட்டுவிட வேண்டியதில்லை, கையோடு எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் பதற்ற நோயை டைரி குணப்படுத்தாது. மாதக்கணக்கில், பெரும்பாலான நாட்களில் கவலையை அடக்க முடியவில்லை, தூக்கம், சாப்பாடு, வேலை கெடுகிறது, திடீர் திடீரென்று படபடப்பும் மூச்சுமுட்டலும் வருகிறது என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். நெஞ்சுவலி முதல் தடவையாக வந்தால் அதைப் பதற்றம் என்று நீங்களே முடிவு கட்டாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பட்டியலைத் திரும்பத் திரும்ப எழுதாமல், சரிபார்க்காமல் இருக்கவே முடியவில்லை, ஒரு எழுத்து கோணினால் பக்கத்தையே கிழிக்க வேண்டியிருக்கிறது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அது ஒழுங்கு இல்லை, ஓசிடி (OCD) என்கிற எண்ணச் சுழற்சி நோயாக இருக்கலாம்.

இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926. தமிழ்நாட்டில் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் நாளைய பக்கத்தில் எழுத வேண்டாம், இப்போதே அந்த எண்ணைக் கூப்பிடுங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.

டாக்டரிடம் போவதற்கு முந்தைய இரண்டு வாரம் டைரியில் ஓரமாக, எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், படபடப்பு எப்போது வந்தது, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எத்தனை காபி என்று குறித்துக்கொள்ளுங்கள். "எப்பவாவது வரும் டாக்டர்" என்று சொல்வதைவிட அந்த ஓரக் குறிப்பு அவருக்கு நிறைய சொல்லும். கேட்க நினைத்த கேள்விகளையும் அதிலேயே எழுதி, அவர் முன்னால் விரித்து வைத்தே கேளுங்கள். எந்த டாக்டரும் தப்பாக நினைக்க மாட்டார். வெளியே வருவதற்கு முன் மறுபடி வரச் சொன்ன தேதியின் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

வருஷம் முடிந்த டைரியை என்ன செய்வது?

டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரு தடவை முழுவதும் புரட்டுங்கள். இன்சூரன்ஸ் தேதி, தடுப்பூசி தேதி, கேஸ் ஸ்டவ் சர்வீஸ் செய்தவர், நல்ல எலக்ட்ரீஷியன் எண், திரும்பி வரவேண்டிய கைமாற்று, இன்னும் வாய்தாவில் நிற்கிற வேலை எல்லாம் புது டைரிக்குப் போக வேண்டும். பழையதை ஒரு வருஷமாவது வைத்திருங்கள், போன தடவை ஏசி சர்வீஸ் எப்போது, எவ்வளவு கொடுத்தோம் என்று பார்க்க உதவும். பிறகு பேப்பர்காரரிடம் போடும்போது பின்பக்கக் கவலைகளையும் ஃபோன் எண்களையும் கிழித்துவிட்டுப் போடுங்கள்.